டெபாசிட் அப்புறம், முதலில் இட்லிப் பானையை இறக்குங்கள்

தாய்லாந்தின் கோ சமூய் தீவிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 37. சென்னையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். 2024 ஜூலையில் தாய்லாந்து கொண்டுவந்த டி.டி.வி. (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா) என்ற ஐந்து வருட விசாவை வாங்கிக்கொண்டு, போன வருடம் ஜனவரியில் கணவரோடு சமூய்க்குக் குடிபோனார். கணவர் அவரைச் சார்ந்தவர் என்ற முறையில் அதே விசாவில் இருக்கிறார். லமாய் பகுதியில் ஒரே ஆளுக்குச் சொந்தமான எட்டு வீடுகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்றை மாதம் 28,000 பாத் வாடகைக்கு, ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். டெபாசிட் இரண்டு மாத வாடகை, 56,000 பாத். இந்த ஜனவரியில் ஒப்பந்தம் முடிந்ததும் அதே தீவில் 'மே நாம்' என்ற பகுதியில் வேறு வீட்டுக்கு மாறிவிட்டார்கள். பழைய வீட்டுக்காரர் 41,000 பாத்தைப் பிடித்துக்கொண்டார். சுவரில் பூஞ்சை, ஏ.சி. பழுது, மெத்தையில் கறை என்று கணக்குச் சொல்கிறார்.

"நம் பணத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் போகிறது, தூக்கமே வரவில்லை" என்கிறார் வாசகி. வீட்டுக்காரரின் பெயரையும் படத்தையும் போட்டு கூகுளில் எழுதிவிடலாமா என்று கேட்கிறார். கூடவே இன்னொரு யோசனை: "ஒரு வருடமாக அவர் எங்களுக்கு டி.எம். 30 (வீட்டில் வெளிநாட்டவர் தங்கியிருப்பதைத் தெரிவிக்கும் படிவம்) பதியவே இல்லை. இமிகிரேஷனில் சொல்லிவிடுவேன் என்றால் வழிக்கு வருவார் அல்லவா?"

கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில், இன்னும் சில விஷயங்களைச் சொல்லியிருக்கிறார். கணவர் சனிக்கிழமைதோறும் வீட்டில் இட்லி, வடை, சாம்பார் செய்து 'லைன்' (வாட்ஸ்அப் போன்ற செயலி) குழு வழியாக விற்கிறார். நாற்பது பேர் வரை வாங்குகிறார்கள். விலை போடுவதில்லை, அன்பளிப்புப் பெட்டி வைத்திருக்கிறார்கள். அடுத்து பொபுட்டில் வெள்ளிக்கிழமை நடக்கும் ஃபிஷர்மேன்ஸ் வில்லேஜ் சந்தையில் கடை போடும் எண்ணம் இருக்கிறது. பைக் வாடகைக்கு எடுத்த கடையில் கணவரின் பாஸ்போர்ட் அடகாக இருக்கிறது. வெளிநாடு போகும்போது வாங்கிக்கொண்டு, திரும்பியதும் மறுபடி கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கடைக்காரர் பழைய வீட்டுக்காரரின் மைத்துனர். கடைசியாக, ஒரு ஏஜென்ட் வில்லா வாங்கச் சொல்கிறார். "நிலம் உங்கள் பெயரில் வராது, ஆனால் கம்பெனி பெயரில் வாங்கிக்கலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்கிறாராம்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றரைப் பக்கம் டெபாசிட் பற்றி, அரைப் பக்கம் மற்றதெல்லாம். என் கணக்கில் அது தலைகீழ். டெபாசிட் போனால் பணம் போகும், சம்பாதித்துக்கொள்ளலாம். அந்த அரைப் பக்கத்தில் இருப்பவை நீங்கள் அந்தத் தீவில் இருக்க முடியுமா முடியாதா என்பதையே முடிவு செய்பவை. அதோடு, டெபாசிட்டுக்காக நீங்கள் யோசித்திருக்கும் இரண்டு வழிகளும் அந்த ஆபத்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிடும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இந்தியாவில் பதிவு செய்த வழக்கறிஞர். தாய்லாந்து நீதிமன்றத்தில் உங்களுக்காக என்னால் நிற்க முடியாது. சட்டத் தொழில் அங்கே தாய்லாந்துக்காரர்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட வேலைகளில் ஒன்று. வெளிநாடு வாழ் தமிழர்களின் விவகாரங்களை அங்குள்ள வழக்கறிஞர்களோடு சேர்ந்து பார்த்த பழக்கத்தில் எழுதுகிறேன். வழக்கு என்று போனால் சூரத் தானியிலோ சமூயிலோ ஒரு தாய் வழக்கறிஞரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இட்லி விற்பனை: இந்தச் சனிக்கிழமையே நிறுத்துங்கள்

"விலை போடவில்லை, அன்பளிப்புதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நம்பிக்கை நிறையப் பேருக்கு இருக்கிறது. தவறு. தாய்லாந்தின் 2017ஆம் ஆண்டு வெளிநாட்டவர் வேலைச் சட்டமும் 2018இல் வந்த திருத்தமும் 'வேலை' என்பதை மிக அகலமாக வரையறுக்கின்றன. முதலாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்தத் தொழில் செய்தாலும் அது வேலை. வாராவாரம் நாற்பது பேருக்குச் சமைத்து, லைன் குழுவில் ஆர்டர் எடுத்து, பெட்டியில் பணம் வாங்கினால் அதைத் தொழில் இல்லை என்று எந்த அதிகாரியிடமும் வாதாட முடியாது. அனுமதி இல்லாமல் வேலை செய்தால் 5,000 முதல் 50,000 பாத் வரை அபராதம், அப்புறம் நாடு கடத்தல், இரண்டு வருடத்துக்கு வேலை அனுமதி கேட்கவே முடியாது. அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அடுத்த ஈடு ஊற்றலாம் என்பதுபோல் இதை நினைக்காதீர்கள்.

டி.டி.வி. விசா உங்களுக்குத் தருவது என்னவென்றால், தாய்லாந்துக்கு வெளியே உள்ள முதலாளிக்கு அங்கே உட்கார்ந்து வேலை செய்யும் வசதி. அது உங்களுக்குப் பொருந்துகிறது, நல்லது. தாய்லாந்தில் இருக்கும் ஆட்களிடம் பணம் வாங்கிச் செய்யும் எதற்கும் அது அனுமதி இல்லை. சார்ந்தவராக வந்திருக்கும் கணவருக்கு இன்னும் குறைவு. அதே விசாவில் தாய் சமையல் வகுப்பில் சேர்ந்து படிக்க ஒருவர் விண்ணப்பிக்கலாம். சமைத்து விற்க முடியாது.

சில வருடங்களுக்கு முன் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவனின் அம்மா என்னிடம் வந்தார். பையன் இன்னொரு தாய் தீவில், தமிழ்நாட்டிலிருந்து வரும் சுற்றுலாக் குழுக்களுக்கு வழிகாட்டியாகப் போய்க்கொண்டிருந்தான். வழிகாட்டி வேலை வெளிநாட்டவருக்கு முற்றிலும் தடை. ஒரு படகுத் துறையில் வைத்துப் பிடித்துவிட்டார்கள். யார் சொல்லிக் கொடுத்தது என்பது கடைசி வரை தெரியவில்லை, ஆனால் அவன் அதற்கு முந்தின வாரம்தான் ஓர் உள்ளூர்க்காரரோடு பணத் தகராறு செய்திருந்தான். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. உங்கள் பழைய வீட்டுக்காரருக்கு உங்கள் சனிக்கிழமை இட்லி தெரியாமல் இருக்குமா? அவருடைய சுவரை ஒட்டித்தானே ஒரு வருடம் ஆவி பறந்தது?

ஆகவே லைன் குழுவை மூடுங்கள், பெட்டியை எடுத்துவிடுங்கள், சந்தைக் கடைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். நண்பர்களை வீட்டுக்கு அழைத்து வயிறாரச் சாப்பாடு போடுவதை யாரும் தடுக்கப் போவதில்லை. பணம் கை மாறக் கூடாது.

கணவருக்குச் சமையல்தான் வாழ்க்கை என்றால் நேரான வழிகள் உண்டு, செலவும் உண்டு. ஏற்கெனவே அங்கே நடக்கும் ஓர் இந்திய உணவகம் அவரை வேலைக்கு எடுத்து, வேலைக்கான 'நான்-பி' (Non-B) விசாவும் வேலை அனுமதியும் வாங்கிக் கொடுப்பது சுலபமானது. சொந்தமாக நடத்த வேண்டுமென்றால், உணவு விற்பனை வெளிநாட்டவருக்குக் கட்டுப்படுத்தப்பட்ட தொழில் என்பதால் உண்மையான தாய் பங்குதாரர்கள் பெரும்பான்மையாக இருக்கும் கம்பெனி தேவை. பொதுவாக ஒரு வெளிநாட்டவரின் வேலை அனுமதிக்கு 20 லட்சம் பாத் மூலதனமும் நான்கு தாய் ஊழியர்களும் காட்ட வேண்டும். வாரம் நாற்பது பேரின் இட்லி இந்தக் கணக்கைத் தாங்காது. ஆனால் கணவருக்கு முப்பது வருட வாழ்க்கை முன்னால் இருக்கிறது, முதல் வழியை அவர் நிதானமாக யோசிக்கட்டும்.

பாஸ்போர்ட்டும் பைக்கும்

பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள், அது இந்திய அரசின் சொத்து என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டமும் அதையே சொல்கிறது. உங்களுடையதே அல்லாத ஒன்றை ஸ்கூட்டருக்கு அடகு வைக்க உங்களுக்கு உரிமை இல்லை, வாங்கி வைத்துக்கொள்ளக் கடைக்காரருக்கும் உரிமை இல்லை. இப்படிப்பட்ட கடைகளில் மேசை இழுப்பறையைத் திறந்தால் நீலம், சிவப்பு, பச்சை என்று ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பாஸ்போர்ட் கட்டு ஒன்று இருக்கும். ஏதாவது கீறல் விழுந்தால் அந்தக் கட்டுதான் பேரம் பேசும். உங்கள் விஷயத்தில் கடைக்காரர் வீட்டுக்காரரின் மைத்துனர் வேறு. டெபாசிட் சண்டை முற்றினால் பாஸ்போர்ட் எந்தப் பக்கம் நிற்கும் என்று நினைக்கிறீர்கள்?

நாளைக்கே போங்கள். பைக்கைச் சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்துக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்து பாஸ்போர்ட்டை வாங்குங்கள். பைக் வேண்டுமென்றால் ரொக்க டெபாசிட்டும் பாஸ்போர்ட் நகலும் வாங்கிக்கொள்ளும் வேறு கடை பாருங்கள், இருக்கின்றன. கொடுக்க மறுத்தால் குரலை உயர்த்த வேண்டாம். 1155 என்ற எண்ணில் சுற்றுலாப் போலீஸை அழையுங்கள், ஆங்கிலத்தில் பேசலாம். அதற்கும் அசையவில்லை என்றால் பாங்காக்கில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு எழுதுங்கள்.

கணவரிடம் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி இல்லை என்றும், சோதனைச் சாவடியில் அபராத ரசீது வாங்கிக்கொண்டு ஓட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அபராத ரசீது லைசென்ஸ் ஆகாது. சமூயைச் சுற்றி ஓடும் 4169ஆம் எண் சாலையில் மழைக்குப் பிறகு வளைவுகளில் மணல் பரவிக் கிடக்கும். அங்கே சறுக்கி விழுந்து எலும்பு முறிந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அந்த ஊரில் செல்லும்படியான பைக் லைசென்ஸ்தான். இல்லையென்றால் கையை விரித்துவிடும், தனியார் மருத்துவமனை பில் உங்கள் டெபாசிட்டைப்போல் பல மடங்கு வரும். ஆபத்து நேரத்தில் ஆம்புலன்ஸ் எண் 1669, இருவருமே போனில் ஏற்றி வையுங்கள்.

அடுத்த முறை சென்னைக்கு வரும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்த அனுமதியை வாங்கிக்கொள்ளட்டும். அது தற்காலிக ஏற்பாடுதான். அங்கேயே குடியிருப்பவர்களுக்குத் தாய்லாந்து லைசென்ஸ் எடுப்பதுதான் சரி. முதலில் இரண்டு வருடத்துக்குத் தருவார்கள், பைக்குக்கும் காருக்கும் தனித்தனி. அதற்கு இமிகிரேஷன் தரும் குடியிருப்புச் சான்று வேண்டும். குடியிருப்புச் சான்று வேண்டுமென்றால் டி.எம். 30 பதிவாகியிருக்க வேண்டும். ஒன்றில்லாமல் இன்னொன்று நகராது.

டி.எம். 30, தொண்ணூறு நாள், விசா தேதி

இந்த மூன்றையும் நீங்கள் ஒன்றோடொன்று போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். குழப்பம் இயல்பானதுதான், தனித்தனியாகப் பார்ப்போம்.

டி.எம். 30 என்பது, என் வீட்டில் ஒரு வெளிநாட்டவர் தங்கியிருக்கிறார் என்று 24 மணி நேரத்துக்குள் இமிகிரேஷனுக்குத் தெரிவிப்பது. 1979ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டத்தின் 38ஆம் பிரிவு. கடமை வீட்டுக்காரருடையது, உண்மைதான். ஆனால் சாதாரண வீட்டுக்காரர் தவறினால் அபராதம் 2,000 பாத்தைத் தாண்டாது. 41,000 பாத்தைப் பிடித்து வைத்திருப்பவர் இதற்கா பயப்படுவார்? கட்டிவிட்டு வெளியே வந்து, "இவர்கள் வீட்டில் சனிக்கிழமை என்ன நடந்தது தெரியுமா" என்று அதே அலுவலகத்தில் சொல்ல அவருக்கு ஐந்து நிமிடம் போதும். அந்தக் கத்தியை நீங்கள் அவர் கையில் கொடுக்காதீர்கள். பழைய வீட்டின் பதிவை விட்டுவிடுங்கள். புது வீட்டுக்காரரிடம் மரியாதையாகக் கேட்டு மே நாம் முகவரிக்குப் பதிவு செய்து, ரசீதை பாஸ்போர்ட்டோடு வையுங்கள். அவருக்கு நேரமில்லை என்றால், வீட்டில் குடியிருப்பவர் என்ற முறையில் ஒப்பந்த நகலோடு நீங்களே பதிய முடியும்.

தொண்ணூறு நாள் அறிக்கை உங்கள் கடமை. "ஐந்து மாதத்துக்கு ஒரு தடவை வெளியே போய் வருகிறோம், அதனால் தேவையில்லை" என்கிறீர்கள். ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும் என்பது சரி. ஆனால் ஐந்து மாதம் தொடர்ந்து இருந்தால் நடுவில் தொண்ணூறு தாண்டிவிடுகிறதே! நவம்பர் முதல் வாரம் கோலாலம்பூரிலிருந்து திரும்பினீர்கள் என்றால், பிப்ரவரி தொடக்கத்தில் தொண்ணூறாவது நாள் வருகிறது. அதற்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை அறிக்கை கொடுக்கலாம். இப்போது அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறீர்கள். முதல் தடவை என்பதால் இமிகிரேஷன் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கொடுத்துவிடுங்கள். முன்பு விட்டதற்கு அபராதம் கேட்டால், வழக்கமாக 2,000 பாத், கட்டி ரசீது வாங்குங்கள்.

மூன்றாவது, விசா. ஐந்து வருட விசா என்றால் ஐந்து வருடம் தொடர்ந்து இருக்கலாம் என்று பொருளல்ல. ஐந்து வருடத்துக்குள் எத்தனை முறையும் உள்ளே வரலாம், ஒவ்வொரு முறையும் 180 நாள். விமான நிலையத்தில் குத்திய முத்திரையில் இருக்கும் தேதிதான் கடைசி நாள். கணவரின் பாஸ்போர்ட் கடையில் இருப்பதால் அவர் தேதி உறுதியாகத் தெரியவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது எனக்குக் கவலையாகிவிட்டது. தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் 500 பாத், 20,000 வரை. 90 நாளுக்கு மேல் தாண்டிவிட்டால், தானாகவே போய் ஒப்புக்கொண்டு வெளியேறினாலும் ஒரு வருடம் உள்ளே வர முடியாது. தாண்டிய நிலையில் எங்காவது பிடிபட்டால் ஐந்து வருடத் தடை. அடுத்த முறை திரும்பி வரும்போது, வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2025 மே மாதத்திலிருந்து பழைய காகித அட்டை இல்லை.

இனி டெபாசிட்

மேலே சொன்னதை முடித்த பிறகு இதற்கு வாருங்கள். உங்கள் பக்கம் நியாயம் நன்றாகவே இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலமாரிக்குப் பின்னால் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. படத்தின் மேல் ஓரத்தில் ஏ.சி. பெட்டிக்குக் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு சுவரில் இறங்கி நேராக அந்தப் பூஞ்சையில் போய் முடிகிறது. நீங்கள் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை, ஆனால் உங்கள் வழக்கே அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. ஏ.சி. தண்ணீர் கசிந்து சுவர் ஊறியிருக்கிறது. சமூயில் பெருமழை நம் ஊரைப் போலவே ஐப்பசி, கார்த்திகையில்தான். தாய்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் புக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை கொட்டும் தென்மேற்குப் பருவமழையை வைத்துச் சமூயைக் கணக்குப் போடக் கூடாது. இராமநாதபுரத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே வரும் அட்சரேகையில், நேர் கிழக்கே, அதே வடகிழக்குக் காற்றை வாங்கிக்கொண்டு கிடக்கிற தீவு அது. அந்த ஈரத்தில் ஊறிய சுவரில் பூஞ்சை பிடிக்காமல் என்ன செய்யும்?

தாய்லாந்து சிவில் சட்டத் தொகுப்பின் 562ஆம் பிரிவின்படி, குடியிருப்பவர் தன் தவறால் வந்த சேதத்துக்குத்தான் பொறுப்பு. முறையாகப் பயன்படுத்தியதால் வந்த தேய்மானத்துக்குப் பொறுப்பில்லை. 550ஆம் பிரிவின்படி, வாடகைக் காலத்தில் வரும் பெரிய பழுதுகளைச் சரி செய்ய வேண்டியவர் வீட்டுக்காரர், சில்லறைப் பராமரிப்பு மட்டும்தான் உங்களுடையது. நவம்பரில் "ஏ.சி. ஒழுகுகிறது" என்று லைனில் அனுப்பியதற்கு அவர் கட்டைவிரல் ஸ்டிக்கர் ஒன்றை அனுப்பினார் என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்குச் சாதகம். பழுது அவருக்குத் தெரியும், தெரிந்தும் ஆள் அனுப்பவில்லை என்பதற்குத் தேதியோடு அவரே கொடுத்த சான்று அது.

மெத்தைக் கறை வேறு விஷயம். காபி கொட்டியது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அதற்கு நியாயமான தொகையைக் கொடுத்துவிடுங்கள். பழைய மெத்தைக்குப் புது மெத்தை விலை கேட்டால் அது நியாயமில்லை, சுத்தம் செய்யும் செலவோ பழைய விலையில் ஒரு பகுதியோ போதும்.

சரி, எப்படிக் கேட்பது? தாய்லாந்து மொழியில் ஒரு கடிதம், ஒரு பக்கத்துக்குள். எவ்வளவு திருப்பித் தர வேண்டும், எந்தக் காரணத்தால், எந்தத் தேதிக்குள். படங்களும் லைன் உரையாடலும் இணைப்பு. பதிவுத் தபாலில் அனுப்புங்கள். குரலில் கோபம் வேண்டாம், அந்த ஊரில் நாலு பேர் முன்னால் குரல் உயர்ந்தால் பேச்சு அத்தோடு முறிந்துவிடும். அவர் பாதி தருகிறேன் என்று இறங்கி வந்தால் யோசித்துப் பாருங்கள். 41,000இல் 30,000 கைக்கு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். இறங்கி வரவில்லை என்றால், எட்டு வீட்டை வாடகைக்கு விடுபவர் அதைத் தொழிலாகவே செய்கிறார் என்பதால் நுகர்வோர் பாதுகாப்பு வாரியத்தில் புகார் செய்யலாம், எண் 1166. அதற்கு மேல் நீதிமன்றம். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் வழக்குச் சட்டத்தின்படி வழக்குப் போடும் நுகர்வோருக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது. சமூயிலேயே நீதிமன்றம் இருக்கிறது.

கூகுளில் எழுதும் யோசனையைக் கைவிடுங்கள், தயவுசெய்து. நம் ஊரில் கோபத்தில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். அங்கே குற்றவியல் சட்டம் 328ஆம் பிரிவில், பொதுவெளியில் வெளியிட்ட அவதூறுக்கு இரண்டு வருடம் வரை சிறையும் இரண்டு லட்சம் பாத் வரை அபராதமும் உண்டு. 2020இல் கோ சாங் தீவில் ஒரு விடுதியைப் பற்றி இணையத்தில் மோசமாக எழுதிய அமெரிக்கர் ஒருவர் கைதானார். கடைசியில் மன்னிப்புக் கேட்டுத்தான் சமாதானம் ஆனது. "நான் உண்மையைத்தானே எழுதினேன்" என்பது உங்கள் தரப்பு வாதமாக இருக்கலாம். அதைச் சொல்லும் இடம் காவல் நிலையமாக இருக்கும்.

புது வீட்டில் கவனிக்க

மே நாம் வீட்டிலாவது, சாமான் அடுக்குவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் தேதி தெரியும்படி வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு லைனில் அனுப்பிவிடுங்கள். மின் மீட்டரையும் படம் எடுங்கள். பழைய வீட்டில் யூனிட்டுக்கு 8 பாத் கொடுத்திருக்கிறீர்கள், மாகாண மின் வாரியத்தின் வீட்டுக் கட்டணம் அதில் ஏறக்குறைய பாதிதான். வாரியத்தின் பில்லே நேராக உங்கள் கைக்கு வரும்படி கேளுங்கள். தண்ணீரைப் பற்றியும் ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும். சமூய்க்கு மின்சாரமும் தண்ணீரில் ஒரு பகுதியும் பெருநிலத்திலிருந்து கடலுக்கடியில்தான் வருகின்றன. 2012 டிசம்பரில் கேபிள் பழுதாகித் தீவே மூன்று நாள் இருட்டில் கிடந்தது, 2024 கோடையில் குழாய்கள் வறண்டன. லாரித் தண்ணீர் வாங்க நேர்ந்தால் காசு யார் கொடுப்பது, தொட்டி எத்தனை லிட்டர், இரண்டையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

வில்லா

ஏஜென்ட் சொல்வதில் முதல் பாதி சரி, நிலம் உங்கள் பெயரில் வராது. இரண்டாவது பாதி உங்களைச் சிறை வாசல் வரை கொண்டுபோகும். பெயருக்கு மட்டும் தாய்லாந்துக்காரர்களைப் பங்குதாரராகப் போட்டு நடத்தும் கம்பெனிக்கு, 1999ஆம் ஆண்டு வெளிநாட்டவர் தொழில் சட்டத்தின் 36ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் பாத் வரை அபராதம். பெயர் கொடுத்தவருக்கும் உண்டு, கொடுக்க வைத்தவருக்கும் உண்டு. நிலத்தையும் குறித்த காலத்துக்குள் விற்கச் சொல்வார்கள். அந்த அவசரத்தில் வாங்குபவர் கேட்பதுதான் விலை. சமூயிலும் புக்கெட்டிலும் இப்படிப்பட்ட கம்பெனிகளைத் தேடித் தேடிப் பிடிக்கிறார்கள். எல்லாரும் செய்கிறார்கள் என்பது இப்போது பாதுகாப்பு இல்லை.

குத்தகை என்றால் ஒரு தடவைக்கு 30 வருடம்தான் உச்ச வரம்பு, மூன்று வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிந்தே ஆக வேண்டும். '30 கூட்டல் 30 கூட்டல் 30, ஆக 90 வருடம்' என்ற பேச்சை நம்பாதீர்கள். பின்னால் வரும் இரண்டு முப்பதும் வாக்குறுதிதான், நில ஆவணத்தில் ஏறுகிற உரிமை இல்லை. சொந்தப் பெயரிலேயே இருக்க வேண்டுமென்றால் அடுக்குமாடி வீடு. ஒரு கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் வைத்திருக்கலாம், பணம் வெளிநாட்டு நாணயமாக வந்ததற்கு வங்கிச் சான்று வேண்டும். ஆனால் நீங்கள் அங்கே போய் ஒரு வருடம்தான் ஆகிறது. கணவர் என்ன வேலை செய்யப் போகிறார் என்பதே முடிவாகவில்லை. இன்னும் இரண்டு மழைக்காலம் வாடகை வீட்டில் இருந்து பாருங்கள்.

வரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலண்டர் வருடத்தில் 180 நாளோ அதற்கு மேலோ அங்கே இருந்தால் தாய்லாந்துக்கு நீங்கள் வரிக் குடியிருப்பாளர். 2024இலிருந்து ஈட்டிய வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் அது வரிக் கணக்கில் வரும், மார்ச் இறுதிக்குள் படிவம் கொடுக்க வேண்டும். இரு நாட்டுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. சென்னை ஆடிட்டர் ஒருவரையும் தாய்லாந்து கணக்காளர் ஒருவரையும் இந்த மாதமே பாருங்கள். இந்தியாவில் உங்கள் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் குடியிருப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டுமா என்பதையும் ஆடிட்டரிடமே கேளுங்கள்.

இன்னொன்று. அடுத்த வாரம் புது போன் வாங்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். போனை மாற்றும்போது லைன் உரையாடல்கள் அழிந்துபோவது அடிக்கடி நடக்கிறது. அந்தக் கட்டைவிரல் ஸ்டிக்கர் இருக்கும் பக்கத்தை, தேதியும் அவர் பெயரும் தெரியும்படி, இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள்.